மூன்று கடைக்கும் ஒரே கையெழுத்து

கோவிட் அடைப்பு முடிந்து, ஹாஸ்டல் பிள்ளைகள் மூக்கு மூடியோடு பஸ்ஸைவிட்டு இறங்கினார்களே, அதே மாதத்தில்தான் இது நடந்தது. மாதத்தின் பெயர் மறந்துவிட்டது. ரம்புத்தான் காலம் என்பது மட்டும் ஞாபகம். பறிக்க ஆளில்லாமல் காலேஜ் வேலியோரம் பழுத்து உதிர்ந்து கிடந்தது.

மலேசியாவில் கோலா பிலா பக்கம் ஒரு அரசாங்கக் காலேஜில் எனக்கு ஸ்டோர் வேலை. சாமான் வந்தால் இறக்கி அடுக்குவேன், கேட்டால் எடுத்துக் கொடுப்பேன், கடைக்குப் போய் வருவேன். எஸ்டேட் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவன். தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பேன். மலாய்க் கடிதம் வந்தால் சாப்பு, அதாவது முத்திரை, குத்தியிருக்கிறதா என்று பார்ப்பேன், அவ்வளவுதான். பென்ஷனுக்கு இன்னும் ஒரு வருடம் இருந்தது.

முன்பெல்லாம் பெரிய சாமான் எது வேண்டுமானாலும் தலைமை அலுவலகத்துக்கு எழுதிவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஒருமுறை புல் வெட்டும் மெஷின் கேட்டோம். அது வந்து சேர்ந்தபோது புல் என் இடுப்பு உயரம் வளர்ந்திருந்தது. அந்த வருடம்தான், ஓரளவு வரைக்கும் நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள் என்று காலேஜுக்கே அதிகாரம் கொடுத்தார்கள். ஆனால் மூன்று கடையில் விலை கேட்டு, மூன்று கொட்டேஷன் வைத்தாக வேண்டும்.

ஒருநாள் காலையில் ஹாஸ்டல் தண்ணீர் பம்ப் எரிந்துபோனது. சாமான் வாங்கும் பிரிவுக்கு அதிகாரி ரெஜினா மிஸ். சிரம்பான் பக்கம் தெமியாங்கிலிருந்து தினமும் கார் ஓட்டி வருவார். என்னைவிட இருபது வயது இளையவர்.

"அண்ணே, பிள்ளைங்களுக்குக் குளிக்கத் தண்ணி இல்ல. மத்தியானத்துக்குள்ள மூனு கடை கொட்டேஷன் வேணும்" என்றார்.

"சரி மிஸ்" என்று மோட்டார் சைக்கிளை எடுத்தேன்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நான் வளர்ந்த எஸ்டேட்டில் ஒரே கடைதான். கல்யாணத்துக்கு அரிசி அனுப்புவதும் அந்தக் கடைக்காரர்தான், சாவு வீட்டுக்கு முதல் ஆளாக வந்து நிற்பதும் அவர்தான். வெளியில் போய் ஒரு கிலோ சீனி வாங்கினாலும் அவர் முகத்தில் விழிக்க முடியாது. "இங்க இல்லாததா அங்க இருக்கு?" என்று ஆள் வைத்துக் கேட்பார். அந்தப் பழக்கம் எனக்கு எலும்பில் ஊறியிருந்தது. ஒரு கடையில் விலை கேட்டுவிட்டு அடுத்த கடைக்கு நடப்பது துரோகம் மாதிரி.

அதனால் நேராகச் சின்னையா கடைக்குப் போனேன். எங்கள் எஸ்டேட்டில் பிறந்த சிநேகிதன், டவுனில் ஹார்ட்வேர் கடை வைத்திருந்தான்.

"மூனு கொட்டேஷன் வேணுமாம்லா" என்றேன்.

"இதுக்கா மூஞ்சிய இப்பிடி வச்சிருக்க? உக்காருடா, தண்ணி குடி. என் மச்சான் கம்பெனி பேப்பர் இருக்கு, என் சம்சாரம் பேர்ல ஒன்னு இருக்கு. எதுக்கு வெயில்ல அலையுற?"

நான் பால் சேர்க்காத ஒரு தே ஓ குடித்து முடிப்பதற்குள் மூன்று தாளும் தயார். மூன்று தலைப்பு, மூன்று சாப்பு. வேலை சீக்கிரம் முடிந்தது என்று சந்தோஷமாகத் திரும்பினேன்.

ரெஜினா மிஸ் தாள்களை மேசையில் வரிசையாக வைத்தார். பிறகு விரலால் ஒவ்வொரு தாளையும் தொட்டார்.

"அண்ணே, இந்த விலையில இருக்குற ஏழப் பாருங்க. குறுக்க ஒரு கோடு. இதுலயும் கோடு. இதுலயும். மூனு கடைக்காரருக்கும் ஒரே கை எப்பிடிண்ணே?"

நடந்ததை அப்படியே சொன்னேன்.

"இது பொய்க் கொட்டேஷன். ஆடிட்ல மாட்டுனா உங்க வேல போயிரும். பென்ஷனும் சேந்து போயிரும். தெரியுமா?"

"கிழிச்சிப் போட்டுருங்க மிஸ். இப்பவே ஓடிப் போயி வேற வாங்கியாறேன்."

"கிழிச்சா ரெண்டாவது பொய்யி. இது ஃபைல்ல இருக்கட்டும். நீங்க கெளம்புங்க."

அவர் தண்ணீர் இலாகாவுக்குப் போன் போட்டு டேங்கர் லாரி வரவழைத்தார். நான் பக்கத்து ஊர்களான பஹாவுக்கும் சிரம்பானுக்கும் போய், வாழ்க்கையில் முதன்முதலாக அடுத்தடுத்து மூன்று கடையில் விலை கேட்டேன். முதல் கடையில் கூச்சத்தில் வாய் வரவில்லை. அந்தக் கடை முதலாளித் தவுக்கே நிமிர்ந்துகூடப் பார்க்காமல் எழுதிக் கொடுத்தார். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. பம்ப் சின்னையா சொன்னதைவிடக் குறைந்த விலைக்கே கிடைத்தது. எதற்கு மூன்று என்று அப்போதுதான் புரிந்தது.

விஷயம் கேள்விப்பட்டுக் கோபித்துக்கொண்டது சின்னையா மட்டும்தான். "மூனு எடத்துல போயி கேக்குறதுக்கு நான் எதுக்குடா உனக்குக் கூட்டாளி?" என்று போனை வைத்துவிட்டான்.

புது பம்ப் ஓட ஆரம்பித்த மறுநாள் டைரக்டர் கூப்பிட்டு அனுப்பினார். மேசையில் அந்த மூன்று தாளும் ரெஜினா மிஸ் எழுதிய ஒரு கடிதமும் இருந்தன. டைரக்டர் அதை மலாயில் வாசிக்க வாசிக்க, காதால் கேட்டு எனக்குப் புரிந்தது. நான் செய்த தப்பை மிஸ் மறைக்கவில்லை, முதலிலேயே எழுதியிருந்தார். கடைசியில் இப்படி இருந்தது: 'மூன்று கொட்டேஷன் கொண்டுவரச் சொன்னேன். எதற்காக மூன்று என்று அவருக்கு நான் விளக்கவில்லை. அந்தத் தவறு என்னுடையது.' கீழே தன் பெயரைப் போட்டிருந்தார்.

எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. மிஸ்ஸுக்கும் ஒன்று வந்தது என்று பிறகுதான் கேள்விப்பட்டேன்.

"எனக்காக நீங்க ஏன் மிஸ் வாங்கிக் கட்டிக்கிட்டீங்க?" என்று கேட்டேன்.

"உங்களுக்காக இல்லண்ணே. எழுதுனது உண்மதானே?" என்று சொல்லிவிட்டு அடுத்த ஃபைலைத் திறந்தார்.

அடுத்த வருடம் முழுப் பென்ஷனோடு வெளியே வந்தேன். இன்றைக்கு என் வீட்டில் உலை கொதிப்பது அந்த ஒரு கடிதத்தால்தான்.

இதைப் படிக்கிறவர்களுக்கு, ஆள் அனுப்பிச் சாமான் வாங்கும் ஆபீஸில் தெரிந்தவர் யாராவது இருந்தால், அவரிடம் ஒன்று சொல்லுங்கள். மூன்று கொண்டு வா என்பதோடு நிறுத்தாமல், ஏன் மூன்று என்றும் சொல்லி அனுப்பச் சொல்லுங்கள். என் பெயர் வேண்டாம். ரெஜினா மிஸ் சொன்னதாகவே சொல்லுங்கள்.