கதவில்லாத பின்வாசல்

திருவிடைமருதூருக்குப் பக்கத்தில் நாங்கள் கட்டிய வீட்டில் இரண்டே அறைகள். என் கணவர் ஒரு நெல் அரவை மில்லில் எஞ்சின் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சம்பளத்தை நம்பி, மனையைக் கூட்டுறவு வீட்டுக் கடன் சங்கத்தில் அடமானம் வைத்துக் கட்டினோம். எங்கள் தெருவில் பாதிப் பேர் அப்படிக் கட்டியவர்கள்தான்.

ஒரு வருஷம் ஆற்றில் தண்ணீர் வராமல் குறுவை போனது. சம்பாவாவது தேறும் என்றிருந்தபோது கூலித் தகராறில் அறுப்பு நின்றது. வரப்பில் போலீஸ் உட்கார்ந்திருந்தது. நெல் வராத மில்லை முதலாளி பூட்டிவிட்டார். எங்கள் தவணைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தவறின.

நோட்டீஸ் வந்தது. அதற்குப் பிறகு சங்கத்து ஆட்கள் தெருமுனையில் தமுக்கடித்து, பாக்கி வைத்தவர்களின் பெயர்களைப் படித்தார்கள். கணவர் பெயர் வந்தபோது நான் குழாயடியில் குடத்தோடு நின்றேன். யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவரவர் வீட்டுப் பெயர் வருகிறதா என்றுதான் எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

பணம் கட்டாத வீட்டின் கதவைச் சங்கத்து ஆட்கள் கழற்றிக்கொண்டு போவது அப்போது எங்கள் பக்கம் நடக்கிற காரியம். முதலில் எதிர்வீட்டு அக்காவின் கதவு போனது. அவள் கணவர் அதே மில்லில் மூட்டை தூக்கியவர். மாட்டுவண்டியில் அந்தக் கதவைப் படுக்கப்போட்டுக் கொண்டுபோனதைப் பார்த்த பிறகு, சங்கத்து ஜீப் சத்தம் கேட்டாலே கதவைத் தாழிட்டுக்கொண்டு உள்ளே பதுங்கிவிடுவேன். கைப்பிள்ளை அழுதால், உள்ளே ஆள் இருப்பது தெரிந்துவிடுமே என்று அதன் வாயைப் பொத்தியிருக்கிறேன்.

ஒரு மத்தியானம் எங்களிடமும் வந்தார்கள். கணவர் வேலை தேடிக் கும்பகோணம் போயிருந்தார். நான் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். வந்த அதிகாரி நடுவயதுக்காரர், குரலை உயர்த்தவில்லை.

“மேலேருந்து சொன்னதை நான் செய்யறேம்மா. கொஞ்சம் எந்திரிச்சுக்குங்க.”

“நான் எந்திரிச்சா கதவு போயிடும் சார். எந்திரிக்க மாட்டேன்.”

பிள்ளையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவர் பிள்ளையைப் பார்த்தார். பிறகு கூட வந்திருந்த ஆசாரியைக் கொல்லைப்புறம் அனுப்பினார். பின்கதவின் கீலைப் பெயர்க்கும் சத்தம் கேட்டது. ஓடிப்போய்த் தடுத்தால் முன்கதவு போய்விடும் என்பதால் அசையாமல் இருந்தேன்.

அதற்கப்புறம் பின்வாசலுக்கு என் பழைய புடவைதான். அந்தப் பக்கம் வயல். பாம்பு வரும், ஆளும் வரலாம். காற்றில் புடவை உப்பும்போதெல்லாம் யாரோ உள்ளே நுழைகிறார்கள் என்று தோன்றும்.

வீடு ஏலம் போனால் எங்கே போவது என்று தெரியவில்லை. அரசாங்கம் ஏழைகளுக்குத் தொகுப்பு வீடு கட்டிக்கொடுக்கிறது, தாலுகா ஆபீசில் மனு வாங்குகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். தெருவில் யாருக்கும் சொல்லாமல் முதல் பஸ்ஸில் போனேன். போய்ப் பார்த்தால் எங்கள் தெருவே வரிசையில் நின்றது. முந்தின நாள் என்னிடம் ஆஸ்பத்திரிக்குப் போகப்போவதாகச் சொன்ன எதிர்வீட்டு அக்கா எனக்கு முன்னால் நின்றாள்.

வாய்க்கால் கரையில் குடிசை போட்டிருந்த நடவாட்களும் வந்திருந்தார்கள். அவர்களில் ஒரு பெண் எங்களைப் பார்த்துக் கேட்டாள்:

“ஓட்டு வீட்டுக்காரங்க நீங்களும் இங்க வந்துட்டா, எங்களுக்கு எங்கேருந்துங்க வீடு வரும்?”

அவள் கோபமாகக் கேட்கவில்லை. அவளுக்கும் பயம் என்பது முகத்திலேயே தெரிந்தது.

என் முறை வந்தபோது குமாஸ்தா மனுவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். “சொந்த வீடு இருக்கேம்மா உங்களுக்கு. அது ஏலம் போன பிறகு வாங்க.”

எதிர்வீட்டு அக்காவுக்கும் அதே பதில்தான்; அவள் அந்த வார்த்தையை நம்பினாள். வீட்டைத் தாங்களாகவே சங்கத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, மறுபடி மனுப்போட்டார்கள். அரசாங்கம் கட்டிய வீடுகளைவிடக் கேட்டவர்கள் பல மடங்கு. வாய்க்கால் கரையில் அவளும் ஒரு குடிசை போட்டாள். மனுப்போட்டபோது பள்ளிக்கூடம்கூடப் போகாத அவள் மகள், வீடு கிடைத்தபோது பெரிய மனுஷியாகியிருந்தாள்.

நாங்கள் தப்பியது எங்கள் சாமர்த்தியத்தால் இல்லை. தேர்தல் வந்தது, அபராத வட்டியைத் தள்ளுபடி செய்தார்கள். அதே சமயம் அதிராம்பட்டினத்தில் ஒரு ஐஸ் பேக்டரியில் கணவருக்கு எஞ்சின் வேலை கிடைத்தது. அவர் வாரம் ஒருமுறைதான் வீட்டுக்கு வருவார். நானும் பிள்ளையும் தனியாகக் கிடந்தோம். அசல் கொஞ்சம் கொஞ்சமாக அடைந்தது.

அடமானப் பத்திரத்தை மீட்டுக்கொண்டு வந்த அன்று அவர் அதைச் சாமி படத்துக்குக் கீழே வைத்தார். பிறகு சாப்பிடாமல்கூடப் படுத்துவிட்டார். மறுநாள் வெயில் ஏறிய பிறகும் குறட்டை விட்டுத் தூங்கினார். நான் எழுப்பவில்லை.