அமாவாசைக்கு விடுமுறை

1. முதல் நாள்

நூலகர் வேலைக்கு நான் மனுப் போடவில்லை. தறியில் உட்காரத் துப்பில்லாததால் அது என்னைத் தேடி வந்தது. எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு, அப்பாவின் தறியில் ஒரு முகூர்த்தப் புடவையைப் பாழாக்கி, வீட்டில் தண்டச்சோறு என்று பெயர் வாங்கியிருந்தேன்.

அறுபதுகளின் கடைசி. காஞ்சிபுரத்தை ஒட்டி, ஓரிக்கைப் பக்கத்தில் எங்கள் ஊர். ஊர்க்காரர்களே சேர்ந்து ஒரு நூலகம் தொடங்கினார்கள். வீடு வீடாகப் போய்ப் புத்தகம் கேட்டோம். தறி செய்யும் ஆசாரி அலமாரி செய்து தந்தார். நெசவாளர் சொசைட்டியின் பழைய சரக்கு அறை கிடைத்தது. கமிட்டித் தலைவர் ஏகாம்பரம், ஊரின் பெரிய நெசவாளர்.

"இப்போதைக்குச் சம்பளம் கெடையாதுபா. ஜில்லா லைப்ரரி ஆபீஸ்ல இத கிளையா எடுத்துக்கினா, நீதான் கவர்மெண்ட் ஆளு" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் ஒட்டடை அடித்தேன்.

விதிகளையும் அவரே சொன்னார். தறியில் பட்டு இழையைத் தொடுவதுபோலக் கை கழுவிவிட்டுத்தான் புத்தகத்தைத் தொட வேண்டும். வெற்றிலை வாயோடு உள்ளே வரக் கூடாது. அமாவாசைக்கு விடுமுறை.

"தறிக்கே லீவுன்னா லைப்ரரிக்கும் லீவுதானே?"

அத்தனை பேரும் தலையாட்டினோம். மாதத்தில் அந்த ஒரு நாள்தான் எங்கள் ஊரில் தறி ஓயும். அன்றைக்கு எதையாவது திறந்து வைப்பது என்பது யாருக்கும் தோன்றக்கூட இல்லை.

2. ஆபீசர் வருகை

நூலகம் திறந்தது. ஆள்தான் வரவில்லை. பொழுது விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும் வரை ஊரே தறிக்குழியில் இருந்தது. அதன்பின் யாருக்கும் முதுகு நிமிராது. எதிர்வீட்டுத் தையல்நாயகி அக்கா மட்டும், பட்டு இழைக்கிற ராட்டையை நிறுத்திவிட்டு ஓடிவந்து, ஒரு தொடர்கதையை நின்றபடியே படித்துவிட்டு ஓடுவார். மற்றபடி நானும் ஈக்களும்.

அமாவாசை வந்தால் ஒழுங்காகப் பூட்டிவிட்டு, பெரிய காஞ்சிபுரத்துக்கு மேட்னி பார்க்கப் போய்விடுவேன்.

ஜில்லா ஆபீசிலிருந்து ஆபீசர் ஒரு திங்கட்கிழமை வந்தார். காலி பெஞ்சுகளைப் பார்த்தார்.

"படிக்கிறவங்க எங்க?"

"எல்லாரும் தறியில இருக்காங்க சார்" என்றார் ஏகாம்பரம்.

"எப்பதான் ஓய்வா இருப்பாங்க?"

"அமாவாசைக்கு சார்."

"அப்ப அன்னிக்குக் கூட்டம் இருக்குமில்ல?"

"அன்னிக்கு லைப்ரரி லீவு சார்" என்றார் ஏகாம்பரம், பெருமையாக.

ஆபீசர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். "அடுத்த அமாவாசைக்கு வர்றேன். ஆள் இருந்தா கிளை. இல்லன்னா இந்த ஊரை மறந்துடுங்க" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். என் வேலையும் அந்த ஜீப்போடு போவதுபோல் இருந்தது.

3. கமிட்டிக் கூட்டம்

அன்று மாலையே கமிட்டி கூடியது. அமாவாசையன்று திறக்கலாமா?

"வேலை எதுவும் செய்யக் கூடாத நாளுபா" என்றார் ஏகாம்பரம்.

"படிக்கிறது வேலையில்லியே" என்றேன்.

"வேலையில்லன்னா உனக்கு எதுக்குச் சம்பளம் கேட்டுக்கினு இருக்கோம்?"

கமிட்டி என்னைப் பரிதாபமாகப் பார்த்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. வாசலில் நின்றிருந்த தையல்நாயகி அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

"ஏண்ணா, அமாவாசைக்குப் படையல் போட்டு, வடை சுட்டு, குண்டான் குண்டானா கழுவறோமே, அது வேலையில்லியா? எங்களுக்கு எந்த அமாவாசைக்கு லீவு வுட்டீங்க?"

ஏகாம்பரம் தீர்மான நோட்டை என் பக்கம் தள்ளினார். நூலகத்தைத் திறப்பது என்று தீர்மானமாயிற்று.

அந்த அமாவாசைக்கு, படையல் சோறு உண்ட கையோடு ஊரே வந்தது. கை கழுவத் தொட்டித் தண்ணீர் போதவில்லை. ஆபீசருக்கு உட்கார இடமில்லை. எங்கள் நூலகம் கிளையானது. நான் கவர்மெண்ட் ஆளானேன்.

4. வெள்ளிக்கிழமை

கிளையானதும் ஆபீஸ் விதிகள் வந்தன. அதன்படி வெள்ளிக்கிழமை விடுமுறை. சில மாதங்களில் ஓர் அமாவாசை வெள்ளிக்கிழமையில் வந்தது. விதிப்படி பூட்டினேன். வாசலில் கூட்டம் கூடிவிட்டது. முன்னால் நின்றவர் ஏகாம்பரம்.

"தறிக்குத்தானே லீவு? லைப்ரரிக்கு இன்னாத்துக்குபா லீவு?"

"ஆபீசுக்கே லீவுன்னா லைப்ரரிக்கும் லீவுதானேண்ணா?" என்றேன். அதைச் சொன்னபோது எனக்கிருந்த சந்தோஷம், முதல் சம்பளம் வாங்கியபோதுகூட இல்லை.

தையல்நாயகி அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு நீட்டினார்.

"லீவு உனக்குத்தானே? நீ போய் சினிமா பாரு. சாவிய குடு."

கொடுத்தேன்.

பிறகு எத்தனையோ ஊர்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். புத்தகங்களைச் சரிபார்ப்பதற்கு முன், பூட்டுக்கு இன்னொரு சாவி செய்து, அதை ஊரில் யாரிடம் கொடுப்பது என்று கண்டுபிடியுங்கள். விதிகளில் அதற்கு இடமில்லை. நானும் ஆபீசில் கடைசி வரை சொல்லவில்லை.