கொட்டகையில் ஒன்று, வீட்டில் ஒன்று

கிளெனிஸ் எதைக் குறை சொன்னாலும் அந்தப் பொருளைக் கையில் பிடித்துக்கொண்டுதான் சொல்வாள். கெட்டில் சுடவில்லை என்றால் கெட்டிலோடு போய் நிற்பாள். "இன்னைக்கு எதைத் தூக்கிட்டு வந்திருக்க?" என்றுதான் விண்டன் ஊர்க் கடையில் கேட்பார்கள். பல வருடமாக இப்படித்தான். ஒரு மாட்டால் வந்த பழக்கம் அது.

அவளும் கணவன் டங்கனும் பால்மாடு வைத்திருந்தார்கள். இன்வர்கார்கில் நகரத்தில் ஒரு சின்ன நிறுவனம், எந்த மாட்டின் பாலைத் தொட்டியில் சேர்க்கலாம், எதைக் கூடாது என்று சொல்லும் ஒரு செயலி எழுதியது. எல்லோருக்கும் கொடுப்பதற்கு முன் சோதனைக்காகச் சில பண்ணைகளுக்குக் கொடுத்தார்கள். பெயர் என்னவோ 'சோதனை மூன்று' என்று ஒன்றுதான். உள்ளே இருக்கும் நிரலை மட்டும் அடிக்கடி மாற்றிக்கொண்டே இருந்தார்கள். எந்த மாற்றம் வரை வந்த நிரல் என்பதைத் திரையின் அடியில், எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு வரிதான் சொல்லும்.

மழை பிடித்த ஒரு காலையில், மடிநோய்க்கு ஊசி போட்ட மாடு கறவைக்கு வந்தது. காலில், பாலில் மருந்து இருக்கிறது என்பதற்கு அடையாளமான சிவப்புப் பட்டை. கொட்டகையில் செயலி ஓடிய டேப்லெட்டோ பச்சை காட்டியது: பால் தொட்டிக்குப் போகலாம். கிளெனிஸ் சட்டென்று கறவைக் குழாய்களைக் கழற்றினாள்.

"நல்லவேளை பட்டையைப் பாத்த. இல்லன்னா தொட்டிப் பால் மொத்தமும் கீழதான்" என்றான் டங்கன்.

வீட்டுக்குப் போய்க் கை கழுவி, அதே செயலி இருந்த சமையலறைக் கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் எழுதினாள். அதன் திரையின் அடியில் இருந்த வரியையும் சேர்த்து நிறுவனத்துக்கு அனுப்பினாள். மதியமே நிரல் எழுதும் ரோரியிடமிருந்து பதில் வந்தது: அப்படி ஒரு பிழை இல்லை. அவள் போன் போட்டாள்.

"கண்ணால பாத்தேன் ரோரி."

"நீங்க குடுத்த அதே நிரலைத்தான் ஓட்டிப் பாத்தேன், கிளெனிஸ். சரியா சிவப்பு காட்டுது. திரையில சாணி கீணி ஒட்டியிருந்துதோ?"

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த டங்கன் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. திங்கட்கிழமை அந்தச் செயலி எல்லாப் பண்ணைக்கும் போகிறது. பட்டையைப் பார்க்காமல் டேப்பை நம்புகிறவர்கள் இருப்பார்கள்.

"போனை வைக்காத" என்றவள், பூட்ஸை மாட்டிக்கொண்டு சேற்றில் நடந்தாள். கொட்டகை டேப்பைக் கையில் எடுத்தாள். "இன்னும் பச்சைதான்."

"அடியில இருக்கறதைப் படிங்க."

படித்தாள். ரோரி அதை அவள் அனுப்பியதோடு ஒப்பிட்டுப் பார்த்தான்.

"நீங்க எழுதினது இது இல்லையே?"

"அது வீட்டுக் கம்ப்யூட்டர்ல பாத்து எழுதினது. ரெண்டும் சோதனை மூணுதானே?"

"பேரு ஒண்ணுதான். வீட்டுல இருக்கறது தானா புதுசாயிடுச்சு. கொட்டகைக்கு நெட் எட்டாதுல்ல, அங்க போன வாரத்து நிரலே கிடக்குது." அந்தப் பழைய நிரலை ஓட்டிப் பார்க்க அவன் தட்டச்சு செய்யும் ஓசை கேட்டது. "அய்யோ, வருது. பச்சை."

தவறு தன்னுடையது என்று அவளுக்கு முகம் சுட்டது. இருந்தாலும் கேட்டாள்: "திங்கக்கிழமை போறது எது?"

"போன வாரத்துது" என்றான் அவன் மெதுவாக. "புதுசை இன்னும் யாரும் சரியா ஓட்டிப் பாக்கல. நல்லா ஓடினதையே அனுப்பலாம்னு..."

"நல்லா ஓடினதா?"

"சாணின்னு சொன்னதை மறந்துடுங்க கிளெனிஸ்."

"மாட்டேன்."

திங்கட்கிழமை எதுவும் போகவில்லை. பிழையைத் திருத்திய பிறகுதான் போனது.

கிளெனிஸ் இன்றும் புதுப் பதிப்புகளைச் சோதித்துக் கொடுக்கிறாள். கொட்டகைக்கு இன்னும் நெட் வரவில்லை. அங்கேயே டேப்போடு நின்று போன் போட்டு, அடியில் உள்ள வரியை முதலில் படிக்கிறாள். குறையை அப்புறம்தான் சொல்கிறாள்.