கிழக்குப் பார்த்த உறுப்பினர்

என் குசினி யன்னலுக்குள் எங்கள் தொகுதி உறுப்பினர் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பது இது மூன்றாவது தேர்தல். காலமை தேத்தண்ணி ஊற்றினால் எதிரே அவர் முகம். இரவு கறி சூடாக்கினாலும் அவர்தான். என் இரண்டாம் மாடி யன்னலுக்கு நேரே, விளக்குக் கம்பத்தில் அவரைக் கட்டிவிடுகிறவர் குணரத்தினம். ஏறுவது என்னுடைய ஏணியில்.

குணரத்தினத்துக்குப் புவாண்ட்-கிளேரில் கிட்டங்கி வேலை. மாகாணத் தேர்தல் வந்தால் லீவு போட்டுவிட்டு, பதவியில் இருக்கும் உறுப்பினருக்காகக் எங்கள் பகுதியான கோட்-டெ-நெய்ஜ் முழுக்கப் படப்பலகை கட்டுவார். சம்பளம் கிடையாது. ஜாக்கெட்டின் ஒரு பையில் பிளாஸ்டிக் கட்டுநாடா, மற்றப் பையில் திசைகாட்டி. கம்பத்தடியில் நின்று ஊசி ஆடி அடங்கும்வரை பார்ப்பார். பிறகுதான் ஏறுவார். படம் கிழக்குப் பார்க்க வேண்டும்.

எங்கள் தெருவோ வடக்குத் தெற்காக ஓடுகிறது. காரில் போகிறவனுக்குத் தெரிவது பலகையின் விளிம்பு மட்டும். முழு முகமும் எனக்கு.

"குணம், உந்தப் படத்தை ரோட்டுப் பக்கம் திருப்பினா என்ன?"

"அது தெற்கெல்லோ அண்ணை, எமன்ரை திசை. உயிரோடை இருக்கிற மனுசனைத் தெற்குப் பாக்க வைக்கிறதே?"

"அப்ப வடக்குப் பக்கம் திருப்பு."

"பனிக்காத்து மூஞ்சியிலை அடிக்கும்."

கீழ்வீட்டு ஞானாம்பிகை விடமாட்டாள். "உந்தாளுக்கு இந்தத் தெருவிலை ஒரு வோட்டுத்தான். அதுவும் அண்ணை யன்னல் சீலையை விலக்கினா."

குணரத்தினம் சிரிக்கமாட்டார். "எங்கட கதவடியிலை சப்பாத்தைக் கழட்டிப்போட்டு உள்ளுக்கு வந்த வெள்ளைக்காரன் அவர் ஒராள்தான். இருந்து தேத்தண்ணி குடிச்சவர். அவர் தோத்தா, பேந்து ஆர் வரப்போகினம்?"

இந்த 2007இல் போட்டி கடுமை. கட்சிக் கந்தோரில் இருந்து ஒருத்தி போன் எடுத்து, பலகைகளை ரோட்டுக்குத் திருப்பச் சொன்னாள். "உய், உய், மெர்சி" என்று பிரெஞ்சில் ஓமும் நன்றியும் சொல்லி மரியாதையாகப் போனை வைத்தார் குணரத்தினம். மிச்சப் பலகைகளையும் கிழக்கே கட்டினார்.

உறுப்பினர் தோற்றார். கொஞ்ச வாக்குத்தான்.

அடுத்த நாளே குணரத்தினம் ஏணி கேட்டு வந்தார். சவரம் செய்திருக்கவில்லை. வாசலில் நின்ற ஞானாம்பிகை வாயைத் திறந்தாள், பிறகு, "தேத்தண்ணி குடிக்கிறியளோ?" என்று மட்டும் கேட்டாள். யன்னல் வெளிக்கப் போகிறதே, எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். ஏணியைக் கொண்டுபோய்க் கம்பத்தில் சாத்திப் பிடித்தேன்.

மேலே அவர் நாடாவை வெட்டினார். பலகையில் ஒட்டியிருந்த பனியைக் கழுத்துச் சால்வையால் துடைத்தார். மூக்கடியில் உறைந்திருந்ததை நகத்தால் சுரண்டினார். பிறகுதான் என்னிடம் இறக்கினார்.

"அண்ணை, முகத்தை நிலத்திலை வையாதேங்கோ. நான் இறங்குமட்டும் கையிலை பிடியுங்கோ."

ஒரு கையில் ஏணி, மறு கையில் உறுப்பினர். பலகை தெற்கே பார்த்திருந்தது. முழங்காலால் மெல்லத் திருப்பினேன்.