இட்லித் தட்டின் மேல் இரண்டு தங்கமீன்

விலங்கியல் இரண்டாம் வருஷம் முடிந்து காலேஜ் மூடிய அன்று எங்கள் பேராசிரியர் இரண்டு தங்கமீன்களை வைத்துக்கொண்டு வகுப்பில் நின்றார். லீவில் லேப் பூட்டியிருக்கும், வாட்ச்மேன் மீன் பார்த்துக்கொள்ள மாட்டானாம். "யார் வீட்ல வச்சுக்கறீங்க?" என்றார். காஞ்சிபுரத்துப் பையன்கள் எல்லோரும் மின்விசிறியைப் பார்த்தார்கள். நான் கையைத் தூக்கிவிட்டேன்.

எனக்கு எதற்கெடுத்தாலும் கை தூக்குகிற வியாதி உண்டு. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கை தூக்காமல் இருந்தால் என் இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள் என்று ஒரு பயம் உள்ளே இருந்துகொண்டே இருக்கும்.

"ஜூன்ல ரெண்டும் உயிரோட வரணும். வந்தா லேப் சாவி உங்கிட்ட. ஒண்ணு போனாலும் சாவி கிடையாது" என்றார் பேராசிரியர்.

சாவி என்றால் சாதாரண விஷயம் இல்லை. நாற்பது பேருக்கு நாலு மைக்ரோஸ்கோப். என் முறை வந்து ஒரு கண்ணை மூடி இன்னொரு கண்ணைத் திறப்பதற்குள் மணி அடித்துவிடும். இரண்டு வருஷத்தில் நான் அதில் தெளிவாகப் பார்த்தது என் கண்ணிமை மயிரைத்தான். சாவி வைத்திருப்பவன் சாயங்காலம் தனியாக உட்கார்ந்து ஆசை தீரப் பார்க்கலாம்.

மூலையில் கிடந்த ஒரு அடிச் சதுரக் கண்ணாடித் தொட்டியையும் பேராசிரியர் கொடுத்தார். தொட்டியை மடியில் வைத்து, மீன்களைத் தூக்குப் பாத்திரத்தில் விட்டு, உத்திரமேரூர் பஸ்ஸில் ஏறினேன்.

"தூக்குல இன்னாப்பா?" என்றார் கண்டக்டர்.

"மீனுங்க."

"கொழம்பா?"

"இல்லீங்க. உயிரோட கீது."

"உயிரோட கீதா? அப்ப டிக்கெட் எடுக்கணுமே" என்று சொல்லிவிட்டு, பஸ் பெருநகர் தாண்டும் வரைக்கும் அவரே சிரித்துக்கொண்டு வந்தார்.

வீட்டில் நைனா தூக்கின் மூடியைத் திறந்து பார்த்தார். "ரெண்டுதானா? மூணு பேருக்குப் பத்தாதேடா" என்றார்.

சின்னத் தொட்டியில் இரண்டு மீன் பிழைக்க வேண்டுமானால் தண்ணீர் சுத்தமாகிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு அண்டர்கிராவல் ஃபில்டர் என்று ஒன்று உண்டு. லைப்ரரிப் புத்தகத்திலிருந்து அதன் படத்தை நோட்டில் வரைந்து வந்திருந்தேன். தொட்டியின் அடியில், தரையைத் தொடாமல் ஒரு ஓட்டைத் தட்டு. தட்டின் மேல் இரண்டு அங்குலம் சரளை. தட்டின் நடுவில் செங்குத்தாக ஒரு குழாய். குழாயின் அடியில் காற்றைவிட்டால் குமிழி மேலே ஏறும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். அந்த இடத்தை நிரப்ப மேலேயிருக்கும் தண்ணீர் சரளை வழியாகக் கீழே இறங்கும். சரளையில் குடியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் மீனின் கழிவைத் தின்று தீர்த்துவிடும். புத்தகத்தில் இவ்வளவும் ஒரே பக்கத்தில் முடிந்துவிட்டது. தட்டு எங்கே கிடைக்கும் என்று மட்டும் போடவில்லை.

மூன்று நாள் அலைந்தேன். நாலாம் நாள் காலை அம்மா இட்லி எடுக்கும்போது பார்த்தேன். குழிகளில் ஓட்டை. குழிகளே கால் மாதிரி ஊன்றிக்கொள்வதால் தட்டு தரையைத் தொடாது. நடுவில், அடுக்குக் கம்பி நுழைவதற்கென்றே ஒரு துளை. புத்தகம் எழுதியவன் இட்லித் தட்டைப் பார்த்துத்தான் வரைந்திருப்பான் என்று எனக்கு ஒரு நிமிஷம் உறுதியாகவே தோன்றியது.

"அம்மா, இந்தத் தட்டு எனக்கு வேணும்."

"துன்னுட்டுத் தரேன், இருடா."

மூன்று அடுக்கில் ஒன்று போனது. அதற்கப்புறம் அந்தக் கோடை முழுக்க எங்கள் வீட்டில் இட்லி இரண்டு அடுக்குதான். நடுத் துளையை அரத்தால் ராவிப் பெரிசாக்கி, மோட்டார் கொட்டகையில் கிடந்த ஒயர் பைப்பைச் செருகினேன். வட்டத் தட்டைச் சதுரத் தொட்டியில் வைத்தால் நாலு மூலையும் திறந்துகொண்டு சரளை உள்ளே போகும். நைனாவின் பழைய ரப்பர் செருப்பை முக்கோணமாக வெட்டி மூலைகளில் இறுக்கினேன். செய்யாற்றில் சலித்துக் கொண்டுவந்த, துவரம்பருப்பைவிடக் கொஞ்சம் பெரிய கல்லைப் பதினோரு தண்ணீர் கழுவிக் கொட்டினேன்.

காற்றுதான் பேஜாராக இருந்தது. எங்கள் வீட்டுக் கரண்ட் ஒரு குண்டு பல்புக்கே யோசித்து யோசித்து வரும். அதனால் லாரி டியூப் ஒன்று வாங்கி வந்து சைக்கிள் பம்பால் காற்றடித்தேன். கம்பவுண்டரிடம் கெஞ்சி வாங்கிய சலைன் டியூபை அதில் பொருத்தி, மறுமுனையைக் குழாயின் அடிக்கு விட்டேன். சொட்டு சொட்டாக மருந்து விடுகிற அந்தச் சக்கரத்தைத் திருகினால் குமிழி குமிழியாகக் காற்று விட்டது. டியூபுக்கு அழுத்தம் வேண்டுமே என்று மேலே அம்மிக்கல்லை ஏற்றினேன். அம்மா அம்மியைக் கீழே இறக்கச் சொல்லவில்லை. அப்படியே நின்றுகொண்டு மிளகாய் அரைத்தாள். அவள் அரைக்கிற வேகத்துக்குத் தொட்டியில் குமிழி வந்தது. சட்னி அரைத்த நாளெல்லாம் மீன்கள் சுறுசுறுப்பாக இருந்தன.

பதினைந்து நாளில் தண்ணீர் பளிங்கு மாதிரி ஆனது. சரளைமேல் மட்டும் பழுப்பாகப் பாசி மாதிரி ஒன்று படிந்தது. அம்மா துடைப்பத்தோடு வந்து நின்றாள்.

"கல்லெல்லாம் அழுக்காக் கீது. சாம்பல் போட்டுத் தேச்சுக் கழுவித் தரேன்."

"ஐயோ, வேணாம்மா! அதுலதான் கிருமி கீது!"

"கிருமியா? அதுக்குத்தான் நர்ஸம்மா தண்ணிய காய்ச்சிக் குடின்னுச்சு. நீ இன்னாடான்னா வூட்ல வச்சு வளத்துக்கினு கீறியே!"

"இது நல்ல கிருமிம்மா."

"நல்ல கிருமி, கெட்ட கிருமி! காலேஜ்ல இதத்தான் சொல்லித் தராங்களா?"

நைனாவுக்கு நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை. வாரத்துக்கு ஒரு நாள் நான் சரளையை ஒரு குச்சியால் கிளறி, டியூபை வாயில் உறிஞ்சி அழுக்குத் தண்ணீரை வாளியில் இறக்குவேன். இரண்டு முறை அது என் வாய்க்குள்ளும் வந்திருக்கிறது. அதன் ருசியைப் பற்றி எழுத வேண்டாம். நைனா அந்த வாளியை எடுத்துப்போய்க் கத்திரிச் செடிக்கு ஊற்றுவார். "இது எருக்குழிடா. தண்ணிக்குள்ள வச்சுகிற, அவ்ளோதான்" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. மறுநாள் அவரே, "எரு கம்மியாக் கீற மாதிரி தெரியுது. ஒரு புடி யூரியா போடட்டா?" என்று கையில் எடுத்துக்கொண்டே வந்துவிட்டார். பாய்ந்துபோய்க் கையைப் பிடித்தேன்.

மே மாசத்தில் தொட்டியைப் பார்க்க வருகிறவர்கள் அதிகமாக ஆரம்பித்தார்கள். ஒருநாள் தண்ணீரில் பொரி மிதந்தது. யாரென்று கேட்டுச் சண்டை போட எனக்கு வராது. ஒரு காகிதத்தில் கொட்டை எழுத்தில், "தொட்டியில் எதையும் போடாதீர்கள்" என்று எழுதிக் கண்ணாடியில் ஒட்டினேன். எங்கள் வீட்டிலும் பக்கத்து வீடுகளிலும் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான் என்பது அந்த நேரத்தில் எனக்கு ஞாபகம் வரவில்லை. எனக்கு நானே அறிவிப்பு எழுதி ஒட்டிக்கொண்டேன்.

காலேஜ் திறக்க மூன்று நாள் இருக்கும்போது தண்ணீர் மங்கியது. முதலில் டீத்தண்ணி மாதிரி, அப்புறம் கஞ்சி மாதிரி. தொட்டியின் இரும்புச் சட்டத்துத் துரு என்று நினைத்தேன். அப்புறம் ஒரு எறும்பு வரிசை சுவரில் இறங்கி, தரையில் நடந்து, தொட்டி மேல் ஏறுவதைப் பார்த்தேன். எறும்புக்கு மீன் வாசம் பிடிக்குமா என்று நோட்டில் எழுதிவைத்தேன். ஆராய்ச்சி மனப்பான்மை!

மறுநாள் காலை மீன் இரண்டும் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடின. நான் ஓடிப்போய்க் கிணற்றுத் தண்ணீர் ஒரு குடம் எடுத்துக்கொண்டு திரும்பினால், எதிர்வீட்டு அக்கா தொட்டிக்குமேல் கையை நீட்டிக்கொண்டு கண்ணை மூடி நிற்கிறாள். கையில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வெல்லக் கட்டி.

"அக்கா! இன்னா பண்றீங்க?"

"கத்தாத தம்பி, வேண்டுதலு." கழுத்தைத் திருப்பிக் காட்டினாள். மிளகு மாதிரி ஒரு மரு. "வெல்லம் கரையற மாதிரி இது கரையணும்னு கோயில் கொளத்துல போடுவாங்க இல்ல?"

"அப்ப கொளத்துலயே போடறதுதானே?"

"கொளத்துல தண்ணி எங்க கீது? பசங்க பம்பரம் ஆடிக்கினு கீறானுங்க. இங்க தண்ணி கீது, மீன் கீது, அடியில ஊத்து வேற கொப்புளிக்குது. நீயும் மந்திர சக்கரம் எழுதி ஒட்டிகிற."

அப்போதுதான் கவனித்தேன். என் அறிவிப்பின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, நடுவில் குங்குமம் வைத்திருந்தது.

"நீங்க மட்டுமா போட்டீங்க?"

"சீச்சீ, நான் மட்டுமா போடுவேன்? ஒரு அஞ்சாறு பேரு. உங்கம்மாகூட முட்டிக்குப் போட்டுச்சு."

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா உத்தரத்தைப் பார்த்தாள்.

விஷயம் எனக்கு விளங்கிவிட்டது. வெல்லத்தைத் தின்று வேண்டாத கிருமிகள் பெருகித் தண்ணீரில் இருந்த பிராணவாயுவை எல்லாம் குடித்துவிட்டன. தண்ணீரைப் பாதிப் பாதியாக மாற்ற வேண்டும், அதுவரை காற்று நிற்கவே கூடாது. தண்ணீர் நான் கொண்டுவருவேன். காற்று யார் அடிப்பது? நைனா கழனியில் இருந்தார். டியூப் ஏற்கெனவே தொப்பை வற்றிக் கிடந்தது. அக்கா, அதற்குள் வந்துசேர்ந்த மற்ற வேண்டுதல்காரர்கள், எல்லோரும் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். பிராணவாயு பற்றி நான் இரண்டு வாக்கியம் பேசினேன். ஒருவர் கொட்டாவி விட்டார்.

"மருவு போவணும்னா பம்பு அடிக்கணும்" என்றேன் திடீரென்று.

எல்லோரும் நிமிர்ந்தார்கள்.

"எத்தினி வாட்டி தம்பி?" என்றாள் அக்கா.

இரண்டு வருஷம் விலங்கியல் படித்தவன், மூட நம்பிக்கையை ஒழிப்போம் என்று பேச்சுப் போட்டியில் பேசிப் பரிசு வாங்கியவன், சொன்னேன்: "நூத்தியெட்டு."

அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பம்பைப் பிடித்தாள். எல்லோரும் சேர்ந்து எண்ணினார்கள். எழுபதில் அவள் மூச்சு வாங்கி நின்றபோது, "பாதியில விட்டா பாதி மருவுதான் போவும்" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அவள் பல்லைக் கடித்து முடித்தாள். அடுத்தவர் பிடித்தார். டியூப் உப்பி அம்மிக்கல் ஒரு சாண் எழும்பியது. நான் குடம் குடமாக ஊற்றினேன், அழுக்கை உறிஞ்சி இறக்கினேன், சரளையை எடுத்துக் கழுவாமல் மேலோடு மட்டும் கிளறினேன். அம்மாவும் தன் பங்குக்கு நூற்றெட்டு அடித்தாள். முட்டி முன்னைவிட அதிகமாக வலிக்கிறது என்று சாயங்காலம் சொன்னாள்.

மத்தியானம் மூன்று மணி சுமாருக்குப் பெரிய மீன் கீழே இறங்கியது. சின்னது இன்னும் கொஞ்ச நேரம் என் உயிரை வாங்கிவிட்டு இறங்கியது. நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். அதற்குப் பிறகும் பம்பு நிற்கவில்லை. மறுநாள் பக்கத்துத் தெருவிலிருந்து ஆட்கள் வந்தார்கள். மரு இல்லாதவர்கள்கூட, எதற்கும் இருக்கட்டும் என்று அடித்துவிட்டுப் போனார்கள்.

ஜூனில் இரண்டு மீன்களையும் பேராசிரியரின் மேஜை மேல் வைத்தேன். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். நைட்ரஜன் சுழற்சியைப் பற்றிப் பதினைந்து நிமிஷத்துக்கு மனப்பாடம் செய்து வந்திருந்தேன். அவர், "ஒண்ணும் பிரச்சனை இல்லையே?" என்று மட்டும் கேட்டார். இல்லை சார் என்று சொல்லியிருந்தால் வேலை முடிந்திருக்கும். அவரிடம் எனக்குப் பொய் சொல்ல வராது. வெல்லத்தைச் சொன்னேன். நூற்றெட்டையும் சொன்னேன். சொல்லி முடித்தபோது சாவி போய்விட்டது என்றே முடிவு செய்துவிட்டேன்.

அவர் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்புச் சத்தம் கேட்டு கெமிஸ்ட்ரி ஆசிரியர் வந்தார். அவருக்கு ஒரு முறை சொன்னேன். பாட்டனி ஆசிரியர் வந்தார். அவருக்கும் சொன்னேன். நல்ல கிருமிகளைப் பற்றி யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

"ஊரே சேர்ந்து வெல்லம் போட்டும் மீனைக் காப்பாத்தியிருக்கே" என்று பேராசிரியர் கடைசியில் டிராயரைத் திறந்தார். "நம்ம பசங்ககிட்டேயிருந்து காப்பாத்தறியா பாக்கலாம்."

சாவி கைக்கு வந்தது. நான் நேரே மைக்ரோஸ்கோப்பிடம்தான் போயிருக்க வேண்டும். ஆனால் மீன்கள் திரும்பப் போக வேண்டிய லேப் தொட்டியின் தண்ணீர் கலங்கலாக இருந்ததால் சட்டைக் கையை மடித்துக்கொண்டு சரளைக்குள் துழாவினேன். நாலு சாக்பீஸ் துண்டு, ஒரு பேனா மூடி, சிகரெட் அடிக்கட்டை எட்டு, நன்றாக மடித்த ஒரு காதல் கடிதம். கடிதத்தை ஜன்னலில் காய வைத்துப் பிரித்துப் பார்த்தேன். மை எல்லாம் கரைந்து, யாருக்கு என்றே தெரியவில்லை.