ஊதாத விசில்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். போர் முடிந்து வெள்ளைக்காரர் கடற்கரைப் பக்கம் வரத் தொடங்கிய காலத்தில், புத்தளம் டவுனைச் சைக்கிளில் சுற்றிக் காட்டும் ஒருவரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். அவர் முன்னால் போவார், நான் கடைசி. என் கழுத்தில் ஒரு விசில். யாராவது விழுந்தால், பிந்தினால், நாய் துரத்தினால் ஊத வேண்டும். ஊதினால் எல்லோரும் நிற்பார்கள். அவ்வளவுதான் வேலை.

அவர் தொண்ணூறில், போரின்போது, மற்ற முஸ்லிம்களோடு சேர்த்து மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு, சிறுவனாக வந்தவர். புத்தளத்தில்தான் வளர்ந்தார், கல்யாணம் முடித்தார். அண்ணன் என்ற அர்த்தத்தில் எல்லோரும் அவரை நானா என்பார்கள்.

அன்றைக்கு நாலு பேர். ஒரு இளம் சோடி, ஒரு பெண், பருத்த வயதான மனுசன் ஒருவர். சந்தைப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் நின்றோம். மன்னாரைப் போலவே புத்தளத்திலும் தெருவெங்கும் கழுதைகள் திரியும். பரம்பரையாக அந்த ஊர்க்காரரான கடைக்காரர் ப்ளேன்டீயை நீட்டிக்கொண்டே சத்தமாகக் கேட்டார்.

"என்ன கைட் நானா, இவங்களுக்கு மன்னார்க் கழுதைய காட்டுறீங்களா, புத்தளத்துக் கழுதைய காட்டுறீங்களா?"

"ரெண்டும் ஒண்டுதானே."

"எப்பிடி ஒண்டாகும்? இந்த ஊர்க் கழுதைக்கு எல்லா வழியும் தெரியும். வந்த கழுதை ரோட்டோடதான் போகும்."

கடையில் எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஆனால் பாதித் தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு எழும்பினார்.

வழக்கமாக ரோட்டால் உப்பளத்துக்குப் போவோம். அன்று கடல்தண்ணீர் தேங்கும் களப்புப் பக்கம் திருப்பினார். "இண்டைக்கு எங்கட ஊர்ட குறுக்கு வழி காட்டுறன்" என்றார்.

கோடையில் களப்பின் ஓரம் வற்றி, உப்புப் பொருக்கு கட்டி, சீமெந்துத் தரை மாதிரி வெள்ளையாகக் கிடக்கும். சின்ன வயதில் வாப்பாவின் சைக்கிளில் இப்படியொரு தரையில் போனதை அவர் எனக்குச் சொல்லியிருக்கிறார். ஆனால் அது மன்னார். அங்கே கீழே மணல்.

இங்கே பக்கத்தில் றால் வளர்த்துக் கைவிட்ட தொட்டிகள் வரம்பு உடைந்து கிடந்தன. பக்கத்து ஊரான முந்தலில் ஒரு றால் பண்ணையில் நான் ஒன்றரை வருஷம் வேலை செய்தவன். தொட்டியை வடித்து மூன்று நாளில் மேல் காய்ந்து வெடிக்கும். கீழே இடுப்பளவு கருஞ்சேறு அப்படியே இருக்கும். ஒரு நாள் காலையில் கன்றுக்குட்டி ஒன்று இறங்கிவிட்டது. நாங்கள் கயிறு கொண்டு வந்தபோது மூக்கு மட்டும்தான் வெளியே இருந்தது. கயிற்றைக் கட்ட எதுவும் மிஞ்சவில்லை. அந்தச் சேற்றுக்கு அழுகின முட்டை மணம்.

அதே மணம் வந்தது. அக்கரையில் நுரைச்சோலை அனல்மின் நிலையத்துப் புகை காற்றில் படுத்துக் கிடந்தது. வரம்பில் நாலைந்து கழுதைகள் நின்று எங்களையே பார்த்தன. அவற்றின் காலடித் தடங்கள் வரம்போடு போயின. வெள்ளைத் தரையில் ஒன்றுகூட இறங்கவில்லை.

விசில் என் உதட்டில் இருந்தது. வேலைக்குச் சேர்ந்து பத்து நாள். அதற்கு முன் மூன்று இடத்தில் வாய் திறந்ததால் துரத்தப்பட்டிருந்தேன். இங்கேயும் மணலாக இருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

முன்னால் போனவர்கள் பாரமில்லாதவர்கள், கடந்துவிட்டார்கள். வயதானவரின் சைக்கிள் முன்சில்லு பாதிக்குப் புதைந்தது. அவர் சிரித்துக்கொண்டு கமராவை எடுத்தார். ஒரு காலை ஊன்றினார், முழங்கால் வரை போனது. மற்றக் காலையும் ஊன்றினார். இழுத்துப் பார்த்தபோதுதான் சிரிப்பு நின்றது.

அப்போதுதான் கத்தினேன்.

நானா திரும்பி ஓடி வந்தார். சைக்கிள்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்த்துப் போட்டு, அவற்றின் மேல் வயிற்றால் ஊர்ந்து போனார். நான் அவருடைய கால்களைப் பிடித்துக்கொண்டேன். சேறு வயதானவரின் நெஞ்சுக்கு வந்துவிட்டது. அவர் ஏதோ ஒரு சொல்லையே மெதுவாகத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அந்தப் பாஷை தெரியாது. நெடுநேரம் இழுத்தோம். சப்பாத்து இரண்டையும் சேற்றுக்குக் கொடுத்துவிட்டு அவர் வெளியே வந்தார். அவருடைய சைக்கிளில் ஹாண்டில் மட்டும் தெரிந்தது.

அவரையும் துணைக்கு அந்தப் பெண்ணையும் த்ரீவீலில் ஏற்றி அனுப்பிவிட்டு, ரோட்டோரப் பைப்பில் கழுவினோம்.

"நீ முந்தல்ல றால் பண்ணையில நிண்டவன் தானே?"

"ஓம் நானா."

"மணம் வந்துச்சா?"

"ஓம்."

"நான் ஒருக்கா திரும்பிப் பாத்தன். விசில் உன்ட வாயில இருந்துச்சு."

அவர் ஏசவில்லை. கையை நீட்டினார். கயிற்றைக் கழற்றிக் கொடுத்தேன். தன் கழுத்தில் போட்டுக்கொண்டு, "நீ முன்னுக்குப் போ" என்றார்.

திரும்பிப் போக அந்தத் தேத்தண்ணிக் கடையைத் தாண்ட வேண்டும். சேறு காய்ந்த சைக்கிள்களைக் கண்டு கடைக்காரர் வாசலுக்கு வந்துவிட்டார். நானா அங்கே நிற்கச் சொல்லிப் பின்னால் விசில் ஊதுவாரா என்று காதைக் கொடுத்தபடியே மிதித்தேன்.