மாயாண்டி என்பது ஓர் ஆளின் பெயர்

கந்தப்பளைக் கடைத்தெருவுக்கு மண்ணெண்ணெய் வாங்கப் போய்க் கிடைக்காமல் திரும்பும் பெண்ணிடம் என்ன ஆயிற்று என்று கேட்டால், "மாயாண்டிதான்" என்பாள். மழைக்கு ஒதுங்கி நின்று பஸ்ஸைத் தவறவிட்டவன், "இன்னைக்கு மாயாண்டியாப் போச்சு" என்பான். போன காரியம் நடக்காமல் வெறுங்கையோடு திரும்புவதற்கு எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் இப்போது இதுதான் சொல். பன்னிரண்டு வருடங்களுக்கு முன் இந்தச் சொல் கிடையாது. மாயாண்டி என்று ஒரு மனிதர் இருந்தார். இன்னும் இருக்கிறார்.

அவர் எங்கள் தோட்டத்து மேற்பிரிவில் கவ்வாத்து வெட்டுகிறவர். தேயிலைச் செடி கைக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விடாமல் சில வருடங்களுக்கு ஒருமுறை அதைக் கத்தியால் வெட்டி இறக்கும் வேலை அது. அதில் அவர் கெட்டிக்காரர் என்று சொல்ல மாட்டேன். வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையா நின்று திட்டாத அளவுக்கு வெட்டுவார். பேச்சிலும் விசேஷம் இல்லை. நான் அந்தத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியராக இருந்த காலம் முழுவதும் அவர் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. அதையும் பெரிய குணமாகச் சொல்ல வரவில்லை. பொய் சொல்வதற்கு வேண்டிய சாமர்த்தியம் அவரிடம் இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

அவருடைய அப்பா சோலைமலை, மதுரைப் பக்கத்திலிருந்து வந்து, இந்த மலையில் உழைத்து, இங்கேயே மண்ணுக்குள் போனவர். மாயாண்டி தன் மூத்த மகனுக்குச் சோலைமலை என்று அப்பா பெயரை வைத்தார். அவர்களிடம் அப்படித்தான் வழக்கம். தலைப்பேரன் தாத்தாவின் பெயரைச் சுமக்க வேண்டும். குடியிருக்கும் லயத்து அறை தோட்டத்துக்குச் சொந்தம். கத்திகூடத் தோட்டத்துக் கத்தி. விட்டுப்போவதற்கு அவரிடம் பெயர் ஒன்றுதான் இருந்தது. ஒரு நாள் பிரஜாவுரிமை விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தபோது அவரே சொன்னார்: "எங்கப்பன் பேரு எம்மகங்கிட்ட இருக்கு. எம்பேரு அவன் மகங்கிட்ட இருக்கணும். அது போதுங்க வாத்தியாரய்யா."

அந்த விண்ணப்பத்தை 1951இல் நான்தான் எழுதினேன். இத்தனை வருடம் இடைவிடாமல் இந்த நாட்டில் இருந்ததாகக் காட்ட வேண்டும். அவர் சின்ன வயதில் வேறொரு தோட்டத்தில் பெயர் பதிந்திருந்தார். அங்கிருந்து கடிதம் வேண்டும், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம் வேண்டும். இரண்டு வருடங்கள் கழித்து விசாரணைக்கு நுவரெலியாவுக்கு வரச்சொல்லி அழைப்பு வந்தது. வெளுத்த வேட்டியும், யாரோ ஒரு கிளாக்கர் கொடுத்த கறுப்புக் கோட்டும் போட்டுக்கொண்டு காலையில் புறப்பட்டார்.

சாயங்காலம் அவர் திரும்பி வந்தபோது, தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் பெண்கள் நின்றிருந்தார்கள். கொழுந்து எடுக்கும் வீரம்மா கேட்டாள்.

"என்ன மாமா, கெடச்சுதா?"

"இல்லம்மா. விசாரிக்கிற தொரை வரல. அடுத்த மாசம் வரச் சொன்னாங்க."

அடுத்த மாதமும் அதே இடத்தில் அதே வீரம்மா.

"இன்னைக்காச்சும் தொரை வந்தாரா?"

"தொரை வந்தாரும்மா. கடுதாசிக்கட்டு வரல."

"அப்ப அடுத்த தடவ ரெண்டும் வந்துரும். நீங்க போகாம இருந்துருவீங்க!"

பெண்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே குடையை உதறினார்.

எங்கள் பிரிவிலிருந்து விசாரணைக்குப் போனவர்கள் முப்பது பேருக்குக் குறையாது. பெரும்பாலானவர்கள் அவரைப் போலத்தான் வெறுங்கையோடு வந்தார்கள். ஆனால் பீலிக்கரையில் கேட்டால், "முடிஞ்ச மாதிரிதான், கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி" என்பார்கள். கையில் ஓர் இறாத்தல் பாண் ரொட்டியை வாங்கிப் பிடித்துக்கொண்டு, ஜெயித்து வந்தவர்கள் மாதிரி நடப்பார்கள். மாயாண்டி ஒருவர்தான் போய் வந்த ஒவ்வொரு முறையும் நடந்தது இன்னதென்று ஒளிக்காமல் சொன்னார். முப்பது பேரின் தோல்விக்கும் அவர் ஒருவர் பெயராகிப் போனதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

ஐந்தாவது தடவையோ ஆறாவது தடவையோ அவர் போய் வந்த வாரத்தில் வீரம்மா நிறைந்த கூடையோடு செங்குத்தான மலையிலிருந்து கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்கு இறங்கி வந்திருக்கிறாள். நிறுக்க ஆள் இல்லை. மறுபடி மேலே ஏறி வந்து கூடையை இறக்கியவள், "அட போங்கடி, மாயாண்டி மாமா நுவரெலியாவுக்குப் போன கதையாப் போச்சு" என்றாள். மலை முழுதும் சிரிப்பு. பக்கத்து மலையில் வெட்டிக்கொண்டிருந்த மாயாண்டிக்கும் யாரோ போய்ச் சொன்னார்கள். அவருக்கும் அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

அந்த வாக்கியம் நீளமானது. மூச்சு வாங்க மலையேறுகிறவர்களின் வாயில் நீளமான வாக்கியம் தங்காது. முதலில் நுவரெலியா உதிர்ந்தது, "மாயாண்டி மாமா போன கதை" என்றார்கள். பிறகு மாமா போனார், கதையும் போயிற்று. ஒரு மழைக்காலம் முடிவதற்குள் "மாயாண்டியாப் போச்சு" என்பது மட்டும் மிஞ்சியது. அதைச் சொன்னவர்கள் யாரும் சிரிக்கவில்லை. அவரை நினைக்கவும் இல்லை. அதுதான் அவரைச் சுட்டது. கேலியாக இருந்தபோது அவர் அதில் இருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீரம்மாவின் வாசலுக்குப் போய், "தாயி, நீ சொல்லித்தானே வந்துச்சு, நீயே நிறுத்திரு" என்று கேட்டார். அவள் பதறிப்போனாள். "சத்தியமா வெளையாட்டுக்குச் சொன்னேன் மாமா. இனிமே என் வாயில வராது" என்றாள். அப்படியே நடந்துகொண்டாள் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் அதற்குள் மேற்பிரிவு, கீழ்ப்பிரிவு, தொழிற்சாலை என்று எங்கேயும் அவளைக் கேட்காமல் சொல் நடமாடிக்கொண்டிருந்தது.

பிறகு தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் சின்னத்தம்பியிடம் முறையிட்டார். சின்னத்தம்பி நியாயம் தெரிந்தவர். மாதக் கூட்டத்தில் எழுந்து நின்று கண்டிப்பாகவே பேசினார்.

"ஒரு மனுசன் பேரை இப்படி இழுக்கிறது முறையில்ல. இனிமே ஒருத்தரும் சொல்லக்கூடாது. சொன்னா நான் பொல்லாதவனாயிருவேன். அப்புறம் இந்தக் கூட்டம் போட்டதே மாயாண்டியாயிரும், பாத்துக்குங்க."

ஒரு கணம் யாருக்கும் எதுவும் உறைக்கவில்லை. முதலில் பின்வரிசையில் ஒருவன் சிரித்தான். அப்புறம் கூட்டமே குலுங்கியது. சின்னத்தம்பி நாக்கைக் கடித்துக்கொண்டு, மாயாண்டியைப் பார்த்துக் கைகூப்பினார். மாயாண்டி துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

அன்று நேரே என்னிடம் வந்தார். "வாத்தியாரய்யா, நீங்க படிச்சவுங்க. ஒருத்தன் பேரு அவனை விட்டுப் போயிருமா?" என்று கேட்டார். நாலு வருடத்தில் மறந்துவிடுவார்கள் என்று சொல்லி அனுப்பினேன். எனக்கு அப்போது அதில் நம்பிக்கை இருந்தது. அடுத்த வருடமே, அட்டனிலிருந்து வரவேண்டிய சுண்ணக்கட்டிப் பெட்டி வராமல் போன ஒரு காலையில், பிள்ளைகளைப் பார்த்து, "இன்னைக்குக் கரும்பலகை கிடையாது, பெட்டி மாயாண்டி" என்றேன். ஒரு பிள்ளையும் சிரிக்கவில்லை. அவர்கள் சிரிக்காததைக் கண்டபிறகுதான் நான் என்ன சொன்னேன் என்பது எனக்கு உறைத்தது.

விண்ணப்பம் 1961இல் நிராகரிக்கப்பட்டது. பழைய தோட்டத்துப் பதிவில் ஒரு வருடம் காணவில்லை. அந்தக் கடிதத்தை நான்தான் வாசித்துக் காட்டினேன். அதற்கு அவர் அதிகம் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. அவருடைய எண்ணமெல்லாம் சோலைமலையின் கல்யாணத்தில் இருந்தது.

பெண், தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டத்தில் கிடைத்தாள். பெயர் பூரணி. பேசி முடித்துத் திரும்புகையில் தலவாக்கலை பஸ் நிறுத்தத்தில் மாயாண்டி காத்திருந்தார். பக்கத்தில் காய்கறி மூட்டையோடு ஓர் ஆள் நின்றிருந்தான்.

"நாலு மணி பஸ்சு மாயாண்டி போலயே பெரியவரே" என்றான் அவன்.

இவர் அவனை உற்றுப் பார்த்தார். முன்பின் தெரியாத முகம்.

"அது எம்பேருங்க."

"எது?"

"மாயாண்டி. எம்பேருதான்."

அவன் பரிதாபப்பட்டான். "அய்யய்யோ. பெத்தவுங்க போயும் போயும் அப்படி ஒரு பேரா வச்சாங்க ஒங்களுக்கு?"

இதை அவர் என்னிடம் சொல்லும்போது குரலில் கோபம் இல்லை. "அவன் பாவம், தெரியாமத்தான் சொன்னான். மொதல்ல அந்த வார்த்தை இருந்துச்சாம். அப்புறம் அதை எடுத்து எனக்கு வச்சாங்களாம்" என்றார். அவனுக்கு விளக்கிச் சொன்னீர்களா என்று கேட்டேன். "சொல்றதுக்குள்ள பஸ்சு வந்துருச்சு" என்றார்.

பூரணி மருமகளாக வந்தாள். தன் ஊரில் சின்ன வயதிலிருந்து எல்லாரையும் போல அந்தச் சொல்லைச் சொல்லிக்கொண்டிருந்தவள் அவள். வந்த இடத்தில் அது மாமனாரின் பெயர். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது. கல்யாணத்தோடு அந்தச் சொல்லை விட்டாள். கொழுந்து மலையில் பெண்கள் விடுவார்களா?

"ஏன்டி பூரணி, கூப்பன் அரிசி வந்துச்சா?"

"வரலக்கா."

"வரலன்னா? என்னாவாப் போச்சு, சொல்லேன்!"

"எங்க மாமா பேராப் போச்சு" என்பாள் அவளும் சளைக்காமல். அதற்கும் சிரிப்பார்கள். ஆனால் பெயரைச் சொல்ல மாட்டாள். இது மாயாண்டிக்குத் தெரியும். ஒருநாள் என்னிடம், "எம்மருமக நல்ல புள்ளைங்க" என்று மட்டும் சொன்னார்.

போன வருடம், 1965இல், பூரணிக்கு ஆண் குழந்தை பிறந்தது. தலைப்பேரன். முப்பதாம் நாள் பெயர் வைக்க ஏற்பாடு. குழந்தையின் அத்தைதான் தொட்டிலில் போட்டு, காதில் மூன்று முறை பெயரைச் சொல்ல வேண்டும். மாயாண்டியின் மகள் சண்முகவடிவு அதற்காகவே கட்டிக்கொடுத்த தோட்டத்திலிருந்து வந்திருந்தாள். அறைக்குள்ளே சேலைத் தொட்டில். வெளியே வரிசையாக நாங்கள். மாயாண்டி அந்தக் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு நிலைப்படிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"ஏன்டி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?" என்று சண்முகவடிவு கேட்டாள். "எங்கப்பா பேரு ஒனக்குக் கொறஞ்சு போச்சோ?"

"மதினி, நான் ஒண்ணு சொல்லவா? மாமா கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லு."

"இந்தத் தோட்டத்துல எல்லாரும் அந்தப் பேரைச் சொல்றீங்க. நீங்களும் சொல்றீங்க. போன வாரம் இவரே சொன்னாரு."

"நானா?" என்றான் சோலைமலை.

"நீங்கதான். கூப்பன் கடையிலேருந்து வந்து, அரிசி அதுன்னு சொன்னீங்க. சொன்னதே ஒங்களுக்குத் தெரியல."

சோலைமலை தலையைச் சொறிந்தான்.

"நான் ஒருத்திதான் சொல்றதில்ல. அதனால எனக்கு மட்டும் அது இன்னும் மாமா பேராவே இருக்கு. ஒவ்வொரு தடவ கேக்கயிலயும் மாமாவச் சொல்ற மாதிரி நெஞ்சுல குத்துது. நாளைக்கு எம்புள்ளையும் அதுக்குள்ள போயிட்டான்னா, நான் எப்படி மதினி இந்த ஊர்ல காதை வச்சுக்கிட்டு இருப்பேன்?"

சோலைமலைக்கு ரோஷம் வந்துவிட்டது. "யாரு என்ன சொன்னாலும் எங்கப்பா பேருதான். நீ சொல்லு வடிவு!" என்று தங்கையை அதட்டினான். பூரணி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். சண்முகவடிவு தொட்டிலுக்குள் குனிந்தாள். பிறகு தலையைத் தூக்கி அப்பாவைப் பார்த்தாள்.

"அந்தப் புள்ள சொல்றது சரி" என்றார் மாயாண்டி.

"அப்பா, நீங்க சும்மா இருங்க."

"வேற பேரு வையி."

"என்ன பேரு வைக்க? சொல்லுங்க."

அவரிடம் வேறு பெயர் இல்லை. இத்தனை வருடமும் அந்த இடத்தில் ஒரே பெயர்தான் வைத்திருந்தார். உதட்டை அசைத்தார், எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். நானும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்வதற்கு எனக்கு எத்தனையோ பெயர்கள் தெரிந்திருந்தன.

கடைசியில் சுவர்ப்பக்கமிருந்து பூரணியின் குரல் வந்தது. "ஆஸ்பத்திரியில நர்சம்மா ஒரு பேரு சொன்னாங்க. சந்திரமோகன்."

சண்முகவடிவு குழந்தையின் காதில் சந்திரமோகன் என்று மூன்று முறை சொன்னாள். வெளியே யாரோ சர்க்கரைத் தட்டை நீட்டினார்கள். வந்தவர்கள் ஆளுக்கு ஒரு துளி எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, பெயர் நன்றாக இருக்கிறது என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

எல்லாரும் போனபிறகு மாயாண்டி குழந்தையை மடியில் வாங்கினார்.

"என்ன பேரும்மா சொன்ன?"

"சந்திரமோகன், மாமா."

"சந்திர..."

"மோகன்."

"மோகன்" என்றார். சேர்த்துச் சொல்லிப் பார்த்தார். நடுவில் தட்டியது. பூரணி இன்னொரு முறை மெதுவாகச் சொல்லிக் கொடுத்தாள். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அவர் அதன் காதுக்கருகே குனிந்து, தவறிவிடுமோ என்று பயந்தவர் போல, ஒவ்வோர் எழுத்தாக அந்தப் பெயரைச் சொன்னார்.